சேர்ந்ததை மறுபடி எப்படிச் சேர்ப்பாங்க?

2017 ஏப்ரல் மாதம். நாகர்கோவிலில் இருந்து மாமனார் போன் பண்ணினார். ஓய்வு பெற்ற ஆசிரியர். பென்ஷன் கணக்கு ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரில்.

“மாப்ளே, எஸ்.பி.டி.யை ஸ்டேட் பேங்கோட இணைச்சாச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. அது ஏற்கெனவே ஸ்டேட் பேங்கோட சேர்ந்ததுதானே? போர்டுலயே ஸ்டேட் பேங்க்னுதானே இருந்தது? சேர்ந்ததை மறுபடி எப்படிச் சேர்ப்பாங்க?”

நான் வழக்கம்போல அவசரமாகப் பதில் சொன்னேன். “அது அப்ப துணை வங்கி மாமா. இப்ப முழுசா ஒண்ணாயிடுச்சு.”

“அப்ப அதுக்கும் இணைப்பு, இதுக்கும் இணைப்பா?” என்று கேட்டுவிட்டு, பாஸ்புக் மாத்தணுமா, செக் புக் மாத்தணுமா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

அவருக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. 1959-ல் துணை வங்கிகளுக்கான சட்டம் வந்து, 1960-ல் திருவாங்கூர் வங்கி ஸ்டேட் பேங்கின் குடைக்குக் கீழே போனது. பெயர் மாறினாலும் திருவாங்கூர் என்ற சொல் இருந்தது. தனி இயக்குநர் குழு இருந்தது. தனிக் கணக்கு வழக்கு இருந்தது. 2017 ஏப்ரல் 1-ல் அதெல்லாம் போய்விட்டது. இரண்டையும் தமிழில் ‘இணைப்பு’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டாவதற்கு ‘மெர்ஜர்’ என்று தெளிவான பெயர் உண்டு.

இதைப் பற்றிக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தபோது, வங்கிக்கும் முந்தின, அதைவிடப் பெரிய ஒரு குழப்பம் கண்ணில் பட்டது. அதே திருவாங்கூர்தான். இந்தியாவோடு திருவாங்கூர் எப்போது ‘இணைந்தது’? இதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் வரலாற்றுக்காரன் இல்லை. பி.இ. படித்து, இருபது வருஷமாக கோட் எழுதிப் பிழைப்பவன். சொற்களில் கொஞ்சம் கிறுக்கு உண்டு, அவ்வளவுதான்.

ஒரே ஊர், மூன்று இணைப்பு

நாகர்கோவிலில் நின்றுகொண்டு பாருங்கள்.

1947 ஜூன் 11-ல், ஆங்கிலேயர் போனதும் திருவாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். ஜூலை 25-ல் அவரை ஒருவர் வெட்டினார், உயிர் தப்பினார். அந்த மாதக் கடைசியிலேயே மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவோடு சேரச் சம்மதம் தெரிவித்துவிட்டார். இது முதல் இணைப்பு.

1949 ஜூலை 1-ல் திருவாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலமாயின. இது இரண்டாவது.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. இன்றும் அந்த நாளை ‘தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள்’ என்று கொண்டாடுகிறோம். இது மூன்றாவது.

பத்து வருஷத்துக்குள் மூன்று தடவை ஒரு ஊர் ‘இணைந்திருக்கிறது’. மூன்றும் ஒரே வேலையா? இல்லவே இல்லை. முதல் இணைப்பில் திருவாங்கூர் என்ற அரசு அப்படியே நின்றது. இரண்டாவதில் அது தனி அரசாக இல்லாமல் போனது. மூன்றாவதில், ஏற்கெனவே இந்தியாவுக்குள் இருந்த ஒரு துண்டு நிலம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறியது. அதற்காகப் போராடியது சாதாரண சனங்கள். நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனவர்கள் உண்டு. முதல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ராஜாக்கள்.

மூன்றாவதை இங்கே விட்டுவிடுகிறேன். அது இடமாற்றம், தனிக் கதை. முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் நம் விஷயம். அந்தக் கால ஆவணங்களில் அவற்றுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. ஒன்று ‘அக்செஷன்’. இன்னொன்று ‘மெர்ஜர்’.

இரண்டு சொல், இரண்டு காகிதம்

வேர்ச்சொல்லிலேயே வித்தியாசம் இருக்கிறது. அக்செஷன் என்பது லத்தீனில் ‘அருகே வருதல்’ என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. மெர்ஜர், ‘முக்குதல், மூழ்கடித்தல்’ என்ற வினையிலிருந்து. ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்காருவதற்கும் தண்ணீருக்குள் முங்கிப் போவதற்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். வேரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது தெரியும். அதனால் காகிதங்களையே பார்ப்போம்.

1947-ல் சமஸ்தானங்கள் கையெழுத்திட்ட அக்செஷன் ஆவணம் ரொம்பச் சின்னது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் இருந்த வழியை எடுத்து, புது டொமினியனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். உள்ளே இருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்:

பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பும் போக்குவரத்தும் ஆகிய மூன்று துறைகளிலும், அவற்றோடு ஒட்டிய சில விஷயங்களிலும் மட்டும் டொமினியன் சட்டமன்றம் என் நாட்டுக்குச் சட்டம் போடலாம். என் சம்மதம் இல்லாமல் இந்த ஆவணத்தின் நிபந்தனைகள் மாறாது. நாளைக்கு இந்தியாவுக்கு ஒரு அரசியலமைப்புச் சட்டம் வந்தால் அதை ஏற்றுக்கொள்ள இப்போதே நான் கட்டுப்படவில்லை. என் நாட்டில் என் இறையாண்மை தொடர்வதை இது பாதிக்காது.

கடைசி இரண்டும் 7-ஆவது, 8-ஆவது பத்திகள். சேருகிறேன் என்று சொல்லும் அதே காகிதத்தில், நான் நானாகவே இருப்பேன் என்றும் எழுதியிருக்கிறது.

மெர்ஜர் ஒப்பந்தம் வேறு ரகம். சமஸ்தானத்தை ஆளும் முழு அதிகாரத்தையும் டொமினியன் அரசிடம் விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் அதன் முதல் பத்தியே. மூன்று துறை, ஐந்து துறை என்ற கணக்கே இல்லை. மிச்சப் பத்திகள் எதைப் பற்றி? மன்னருக்கு வருஷா வருஷம் எவ்வளவு மானியம், எது அவருடைய சொந்தச் சொத்து, பட்டம், மரியாதை, வாரிசு உரிமை. அதாவது நாடு போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு குடும்பம்.

இந்த இரண்டாவது காகிதம் எப்போது வந்தது என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். 1947 ஆகஸ்ட் 15-க்குள் பெரும்பாலான மன்னர்கள் முதல் காகிதத்தில் கையெழுத்திட்டார்கள். அதே வருஷம் டிசம்பரிலேயே ஒரிசா, சத்தீஸ்கர் பகுதியின் சிறு சமஸ்தானங்கள் இரண்டாவது காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டன. நடுவே நாலு மாதம்தான்.

நம்ம பக்கத்தில் புதுக்கோட்டை. தனி அம்மன் காசு அடித்த சமஸ்தானம். 1947-ல் முதல் காகிதம். 1948 மார்ச் 3-ல் சென்னை மாகாணத்துக்குள் போய், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது. திரும்ப ஒரு மாவட்டமாகத் தலைதூக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘புதுக்கோட்டை 1948-ல் இந்தியாவோடு இணைந்தது’ என்று எழுதுகிறோமே, அப்போது 1947 ஆகஸ்ட் முதல் 1948 மார்ச் வரை புதுக்கோட்டை எந்த நாட்டில் இருந்தது? இந்தியாவில்தான் இருந்தது. 1948-ல் நடந்தது இணைவு இல்லை, கரைவு.

மேனன் தலைப்பில் என்ன பிரச்சினை?

இந்த இரண்டு காகிதங்களுக்கும் பின்னால் இருந்தவர் வி.பி. மேனன். ஒற்றப்பாலத்துக்காரர், குமாஸ்தாவாக ஆரம்பித்து, வல்லபபாய் படேலின் சமஸ்தானத் துறைக்குச் செயலரானவர். 1956-ல் அவர் எழுதிய புத்தகம் இந்த விஷயத்தில் இன்றைக்கும் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம். தகவலுக்குக் குறைவே இல்லை. நடந்ததை நடத்தியவரே எழுதியது.

ஆனால் தலைப்பில் ‘இன்டெக்ரேஷன்’ என்று ஒரே சொல்லாகப் போட்டுவிட்டார். உள்ளே அத்தியாயங்களில் அக்செஷன் வேறு, மெர்ஜர் வேறு என்று சுத்தமாகப் பிரித்தே எழுதுகிறார். தலைப்பைப் படிப்பவர் ஆயிரம் பேர் என்றால் உள்ளே போகிறவர் பத்துப் பேர். அந்த ஒற்றைச் சொல்லால், ஆரம்பத்திலிருந்தே ஒரு முழுத் திட்டம் இருந்தது, முதல் காகிதம் அதன் முதல் படி என்ற எண்ணம் படிப்பவர் மனசில் விழுந்துவிடுகிறது.

1947 ஜூலையில் மன்னர்களிடம் சொன்னது அது இல்லை. மூன்று துறை மட்டும் கொடுங்கள், மற்றதில் உங்கள் தன்னாட்சியை மதிப்போம் என்பதுதான் படேல் அன்றைக்கு வெளியிட்ட அறிக்கையின் சாரம். அந்த உறுதிமொழியை நம்பித்தான் அத்தனை பேர் அவ்வளவு சீக்கிரம் கையெழுத்திட்டார்கள். பிறகு இரண்டாவது காகிதம் வந்தது. அதற்கும் புதுசாகக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதால் சட்டப்படி தவறு சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் வேறு வேறு பேரம் என்பதை ‘இன்டெக்ரேஷன்’ மறைத்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் நான் மன்னர் பக்கம் என்று நினைக்க வேண்டாம். அக்செஷன் காப்பாற்றியது மன்னரின் அதிகாரத்தை. சனங்களின் அதிகாரத்தை இல்லை. பல சமஸ்தானங்களில் ஓட்டுரிமை கேட்டு மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மெர்ஜர்தான் நல்லது செய்தது. நான் கேட்பது நல்லதா கெட்டதா என்று இல்லை. இரண்டு வேறு காரியத்துக்கு இரண்டு பெயர் வேண்டாமா என்றுதான்.

கையெழுத்துக்குப் பிறகு எதிர்ப்பக்கத்தில் யார்?

‘கடைசியில் எல்லாம் ஒண்ணாத்தானே ஆச்சு, இதுல என்ன சார் இவ்வளவு ஆராய்ச்சி?’ என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் இருந்து ஒரு அனுபவம் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனி, சின்னக் கம்பெனி ஒன்றை வாங்கியது. இரண்டு பில்லிங் சிஸ்டத்தையும் ‘இணைக்க’ வேண்டும் என்று மெயில் வந்தது. எங்கள் டீம் அவர்களுடைய சிஸ்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தேவைப்படும்போது அதனிடம் கேட்டுத் தகவல் வாங்குகிற மாதிரி ஒரு வழி எழுதியது. மேலிடம் நினைத்திருந்தது வேறு: டேட்டாவை எல்லாம் இங்கே கொட்டிவிட்டு அங்கே சர்வரை மூடுவது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மூடியும் விட்டார்கள். சனிக்கிழமை காலையில் எங்கள் புரோகிராம் கேள்வி கேட்கிறது, பதில் சொல்ல எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை. இரண்டு நாள் ஒரு பில்லும் போகவில்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. எந்த ‘இணைப்பை’ப் பார்த்தாலும் அதைப் போட்டுப் பார்ப்பேன். இணைந்த பிறகு, எதிர்ப்பக்கத்தில் கேள்வி கேட்கவோ பதில் சொல்லவோ ஒருத்தர் மிச்சம் இருக்கிறாரா? இருந்தால் அக்செஷன். இல்லாவிட்டால் மெர்ஜர்.

இந்தச் சோதனையை வரலாற்றில் போட்டுப் பாருங்கள், பெரிய பெரிய சண்டைகளின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் மன்னர் மானியம். மெர்ஜரின்போது கொடுத்த வாக்கு அது. அரசியலமைப்பின் 291-ஆவது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். 1970-ல் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றின் மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை அரசு எடுத்துப் பார்த்தது. அந்த ஆணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மறு வருஷமே, 1971-ல், 26-ஆவது திருத்தம் வந்து 291-ஆவது பிரிவையே நீக்கிவிட்டது. மானியம் ஒழிந்தது. ஒழிந்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அமைப்பை கவனியுங்கள். வாக்குக் கொடுத்தவர் இருக்கிறார். வாங்கிய ‘நாடு’ இல்லை. மிச்சம் இருப்பவர் ஒரு தனி மனிதர். வாக்கு எழுதிவைத்த புத்தகமும் வாக்குக் கொடுத்தவர் கையில். திருத்தும் பேனாவும் அவர் கையில். கரைந்த பிறகு ஒப்பந்தத்துக்கு இரண்டு பக்கம் கிடையாது.

அடுத்தது காஷ்மீர். இதைத் தொடாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. மகாராஜா ஹரி சிங் 1947 அக்டோபர் 26-ல் கையெழுத்திட்டு, மறுநாள் மவுண்ட்பேட்டன் ஏற்றுக்கொண்ட காகிதம், மற்றவர்கள் கையெழுத்திட்ட அதே அக்செஷன் ஆவணம்தான். அதே 7-ஆவது, 8-ஆவது பத்திகள். மற்ற பல இடங்களில் வந்தது போல இரண்டாவது காகிதமான மெர்ஜர் ஒப்பந்தம் அங்கே வரவில்லை.

இங்கே தமிழில் நடக்கும் விவாதங்களைப் படித்தால் தலை சுற்றும். ஒரு தரப்பு, ‘காஷ்மீர் இந்தியாவோடு இணைந்துவிட்டது, அப்புறம் என்ன தனி அந்தஸ்து?’ என்கிறது. அக்செஷனைச் சொல்லிவிட்டு மெர்ஜரின் விளைவை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு தரப்பு, ‘மற்ற எல்லாரும் முழுசாக இணைந்தார்கள், காஷ்மீர் மட்டும்தான் நிபந்தனையோடு இணைந்தது’ என்கிறது. இதுவும் தப்பு. 1947-ல் மற்ற பெரிய சமஸ்தானங்களுக்கும் அதே மூன்று துறை நிபந்தனைதான். வித்தியாசம் முதல் காகிதத்தில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மைசூரைப் பாருங்கள். மைசூரும் எந்த மாகாணத்துக்குள்ளும் கரையவில்லை. 1950-ல் தனி மாநிலமாகவே நின்றது, மகாராஜாவே ராஜபிரமுகர். ஆனால் மைசூர், மூன்று துறை என்ற எல்லையைத் தானே பெரிதாக்கிக்கொண்டது. 1949 நவம்பரில் இந்திய அரசியலமைப்பைத் தன் அரசியலமைப்பாக ஏற்பதாக அறிவித்தது. அதாவது, கரையாமலேயே, ‘அருகே வருதல்’ என்பது வளர்ந்து வளர்ந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மெர்ஜர் நடக்கவில்லை என்பதாலேயே ஒரு இடம் தனியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

காஷ்மீரில் வளர்ச்சி வேறு பாதையில் போனது. 370-ஆவது பிரிவு வந்தது. அந்த மாநிலத்துக்கென்று ஒரு அரசியல் நிர்ணய சபை, தனி அரசியலமைப்பு. 370-ஐ நீக்க அந்தச் சபையின் பரிந்துரை வேண்டும் என்று அந்தப் பிரிவே சொன்னது. சபையோ 1957-ல் தன் வேலையை முடித்துக்கொண்டு கலைந்துவிட்டது. 2019-ல் நீக்கம் வந்தபோது நீதிமன்றத்தில் எழுந்த முக்கியமான கேள்வி ஒன்று, அப்படியே என் பில்லிங் சர்வர் கேள்விதான்: சம்மதம் கேட்க வேண்டிய எதிர்ப்பக்கமே இல்லாதபோது என்ன செய்வது? சபை கலைந்ததால் 370 நிலைத்துவிட்டது என்றது ஒரு வாதம். சபை கலைந்தாலும் குடியரசுத் தலைவரின் அதிகாரம் போகவில்லை என்று 2023 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 8-ஆவது பத்தியின் இறையாண்மை, 1949 நவம்பரில் இந்திய அரசியலமைப்பை ஏற்று வெளியிட்ட பிரகடனத்தோடு சட்ட வலு இழந்துவிட்டது என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்கலாம், எதிர்க்கலாம். அது உங்கள் அரசியல். ஆனால் இரண்டு பக்கமும் வாதாடிய கேள்வி என்ன என்பதாவது புரிய வேண்டுமே. ‘இணைந்ததா, இணையவில்லையா’ என்று தமிழில் கேட்டால் அந்தக் கேள்வி புரியவே புரியாது. இணைந்ததை யாரும் அங்கே மறுக்கவில்லை. எந்த வகையில், எவ்வளவு தூரம் என்பதுதான் வழக்கு.

கடைசியாக ஹைதராபாத். இங்கே முதல் காகிதமே கிடையாது. நிஜாம் அக்செஷனில் கையெழுத்திடவில்லை. 1947 நவம்பரில், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்ற தற்காலிக ஒப்பந்தம் மட்டும். 1948 செப்டம்பரில் ராணுவம் போனது. 1949 நவம்பரில் நிஜாம் இந்திய அரசியலமைப்பை ஏற்றார். இதற்கும் நாம் எழுதுவது ‘ஹைதராபாத் இணைப்பு’. கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவரும், கரைந்தவரும், பட்டாளம் வந்து சேர்த்துக்கொண்டவரும் ஒரே சொல்லுக்குள். இதற்குமேல் ஒரு சொல்லால் சுமக்க முடியாது.

தமிழில் சொல் இல்லையா?

தமிழில் சொல் இல்லாததால் இப்படி ஆகிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன். சேர்தல், இணைதல், கலத்தல், கரைதல், ஒட்டுதல், பிணைதல், ஒன்றுதல் என்று அடுக்கி வைத்திருக்கிறோம். இலக்கணத்தைப் பாருங்கள், இந்த வித்தியாசத்தை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வாழை, மரம் சேர்ந்தால் வாழைமரம். இரண்டு சொல்லும் அப்படியே நிற்கின்றன, இயல்புப் புணர்ச்சி. மரம், வேர் சேர்ந்தால் மரவேர். ‘ம்’ காணாமல் போய்விட்டது. விகாரப் புணர்ச்சி, அதில் கெடுதல். சேரும்போது எது மிச்சம் இருக்கிறது, எது போகிறது என்று எழுத்து எழுத்தாகக் கணக்கு வைத்த மொழி இது. ராஜ்ஜியங்கள் சேரும்போது மட்டும் கணக்கு விட்டுப்போகிறது.

காரணம் என் கணிப்பில் இரண்டு. ஒன்று, ‘இணை’ என்ற வினை நல்ல வினை. கல்யாணப் பத்திரிகை முதல் கட்சி அறிக்கை வரை அதில் ஒரு இனிப்பு இருக்கிறது. ‘கரைந்தது’ என்றால் யாரோ எதையோ இழந்த மாதிரி தொனிக்கும். அதனால் பத்திரிகை மொழி இனிப்பான சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டு, செய்தியை மொழிபெயர்ப்பவருக்கு நேரம் கிடையாது. அக்செஷன், மெர்ஜர், யூனியன், இன்டெக்ரேஷன், எது வந்தாலும் கை ‘இணைப்பு’ என்று தட்டிவிடும். இரவு பதினொரு மணிக்குப் பக்கம் முடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பாடப் புத்தகம் எழுதுபவர்களுக்கும் வரலாற்றுப் புத்தகம் மொழிபெயர்ப்பவர்களுக்கும் அந்தச் சாக்கு கிடையாது.

‘ஐக்கியம்’ என்று போடலாமே என்றார் ஒரு நண்பர். இறைவனோடு ஐக்கியமானார் என்றால் மெர்ஜர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஐக்கிய நாடுகள் சபையில் ஒருத்தர்கூட இன்னொருத்தரில் கரையவில்லையே. அது குழப்பத்தைக் கூட்டும்.

என் யோசனை சாதாரணம். அக்செஷனுக்கு ‘சேர்வு’. பள்ளிக்கூடத்தில் சேர்கிறோம், சங்கத்தில் சேர்கிறோம். சேர்ந்த பிறகும் நாம் நாம்தான். மெர்ஜருக்கு ‘கரைவு’. சர்க்கரை பாலில் கரைகிறது. பால் இனிக்கும், சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடியாது. ‘கலப்பு’ என்று போடாததற்குக் காரணம், கலப்பில் இரண்டு பேரும் மாறுகிறார்கள். இந்தக் கதையில் மாறியது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். புதுக்கோட்டை போனது, சென்னை மாகாணம் சென்னை மாகாணமாகவே இருந்தது. ‘இணைப்பு’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். எந்த வகை என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் பொதுச்சொல்லாக இருக்கட்டும். திருவாங்கூர் – கொச்சி மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்குவதற்குத் தனிச்சொல் வேண்டும். எனக்கு இன்னும் சரியாக அகப்படவில்லை. உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சொல்லைத் திருத்திவிட்டால் வரலாறு தெளிந்துவிடாது. 1990-ல் கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியோடு ஒன்றானபோது, சட்டப்படி அது அக்செஷன் என்ற பெயரில்தான் நடந்தது. அக்டோபர் 3-ஆம் தேதிக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை. பெயர் சேர்வு, நடந்தது கரைவு. ஆகவே காகிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது, மறுநாள் காலை யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு சொல் இருந்தால், அப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஞாபகமாவது வரும்.

போன மாதம் நாகர்கோவில் போயிருந்தபோது இதையெல்லாம் மாமனாரிடம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பீரோவைத் திறந்து பழைய எஸ்.பி.டி. பாஸ்புக்கை எடுத்துவந்தார். பழைய கிளைப் பெயர், பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண், எல்லாம் அதில் இருந்தது.

“இந்த நம்பருக்கு யாராவது இப்ப பணம் போட்டா எங்க போகும்?” என்று கேட்டார்.

“அந்த நம்பரே இப்ப இல்ல மாமா.”

“அப்ப இது நீங்க சொன்ன ரெண்டாவது” என்று சொல்லிவிட்டு, பாஸ்புக்கைத் திரும்ப பீரோவில் வைத்துப் பூட்டினார்.